நானூறுக்கு மேலே

பல்பு மட்டும்தான் பாக்கி. மற்றதெல்லாம் போர்டில் ஏறியாயிற்று, எட்டுக் கால் ஐசி, இரண்டு ஜோடி கெப்பாசிட்டர், சுருதியை ஏற்றி இறக்க ஒரே தண்டில் கோத்த இரண்டு பாட், அதன் தலையில் பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கிய குமிழ், எல்லாம். இனி கோதுமை மணி அளவுக்கு ஒரு பல்பு, அதற்கு இரண்டு கால், இரண்டு சொட்டு ஈயம். ஐந்து நிமிஷ வேலை. சால்டரிங் அயர்ன் சூடேறி அரைமணி நேரம் ஆகிறது. ஈரப் பஞ்சில் துடைத்தால் ஸ்ஸென்கிறது. துடைக்கிறேன், ஸ்டாண்டில் வைக்கிறேன், மறுபடி எடுத்துத் துடைக்கிறேன். டீ போடலாமா. இப்போதுதானே குடித்தாய் வசுமதி. மணி இரண்டரை. சனிக்கிழமை, எனக்கு லீவு, மோகனுக்கு இல்லை, ஐந்தரைக்குத்தான் வருவார். உள்ளே பாப்பா தூங்குகிறாள். நாலு மணிக்கு முன்னால் எழமாட்டாள், கதவை அறைந்து சாத்தினாலும் எழமாட்டாள். அந்த வாக்கியம் நல்ல வாக்கியம் இல்லை, அதை விடு. பல்பை எடு. பல்பு சாப்பாட்டு மேஜையில்தான் எங்கோ கிடக்கிறது, ஊறுகாய் பாட்டில் மூடியில் திருகாணிகளோடு போட்டு வைத்தேன். பக்கத்தில் மல்டிமீட்டர், ஸ்பீக்கர், மத்தியானம் பாப்பா சிந்திய தயிர்சாதத்தில் இரண்டு பருக்கை. இந்த மேஜையில்தான் சாப்பாடு, இதில்தான் சர்க்யூட், இதில்தான் பாப்பாவுக்குச் சோதனை. குமிழைத் திருப்பத் திருப்ப அடிச் சுருதியிலிருந்து உச்சிவரை சத்தம் ஏறும், எந்தெந்தச் சுருதியில் நறுமுகை திரும்பிப் பார்க்கிறாள் என்று நோட்டில் டிக் போடுவேன். அதற்குத்தான் இது. இரண்டே முக்கால் வயதாகியும் ஒரு சொல் பேசாத என் மகளுக்குக் காது கேட்கிறது என்று நிரூபிக்க நான் செய்யும் நாலாவது மெஷின்.

இந்த சர்க்யூட்டை வருஷம் தவறாமல் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பாலிடெக்னிக்கில் பதினோரு வருஷமாக எலெக்ட்ரானிக்ஸ் லேப் என் ராஜ்ஜியம். ஆப்-ஆம்ப் என்றால் என்ன மேடம் என்பார்கள். உங்கள் தெருவில் ஒருத்தர் இருப்பாரே, காதில் விழுந்த பொட்டு விஷயத்தைப் பெரிதாக்கி ஊருக்கே சொல்பவர், அவர்தான் ஆப்-ஆம்ப் என்பேன். சிரிப்பார்கள். அவர் சொன்னதிலேயே கொஞ்சத்தை அவர் காதுக்குத் திருப்பி விட்டால், யாரும் எதுவும் சொல்லாமலே அவர் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருப்பார், அதுதான் ஆஸிலேட்டர். ஆனால் பெருக்கம் மிகச் சரியாக மூன்று மடங்காக இருக்கவேண்டும். மூன்றுக்கு ஒரு நூல் குறைந்தாலும் பாட்டு தேய்ந்து தேய்ந்து அடங்கிவிடும், கூடினால் தலை முட்டிக் கரகரவென்று கத்தும். மூன்றிலேயே யார் பிடித்து நிறுத்துவது? இந்தப் பல்புதான். சத்தம் மிஞ்சினால் பல்பின் இழை சூடாகும், சூடானால் மின்தடை கூடும், பெருக்கம் தானாக இறங்கும். குமிழை எங்கே திருப்பினாலும் சுருதி மாறுமே தவிர சத்தத்தின் அளவு மாறாது. அழகான ஏற்பாடு. இதைப் போர்டில் வரையும்போதெல்லாம் எனக்குக் கல்யாண ஞாபகம் வரும், அப்போது மோகன்தான் பல்பு, நான் கத்துகிறவள். பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் செக்‌ஷனில் இருக்கிறார், மோகனசுந்தரம், நாள் முழுக்க மோட்டார் இரைச்சலில் நின்றுவிட்டு வந்து வீட்டில் குரலே உயர்த்தாத மனிதர். ஸ்க்ரூடிரைவர் முனையை மோட்டாரில் வைத்து, பிடியைக் காதுக்குள் முட்டுக்கொடுத்துக் கேட்டே பேரிங் போய்விட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார். புதிதில் எனக்கும் மிக்ஸியில் அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுத்தார். இரும்பு வழியா வர்ற சத்தம் காத்து வழியா வராது வசு என்றார். நான் டிப்ளமோக்காரருக்கு டிகிரிக்காரி காட்டும் புன்னகையைக் காட்டினேன்.

ஆடி மாசம் அவர்தான் முதலில் சொன்னார். அவர்தான் சொன்னார், நான் இல்லை, இதை எத்தனை தரம் சொல்லிப் பார்த்தாலும் மாறுவதில்லை. பாப்பாவைக் குளிக்கவைத்துத் துவட்டிக்கொண்டிருந்தேன். வாசல்படியில் நின்றபடியே, "வசு, அம்மிணிய எதுக்கும் ஒருக்கா காது டாக்டர்கிட்ட காட்டிப்போடலாமா? திங்கக்கெழம லீவு சொல்லிட்டேன்" என்றார். எனக்குச் சுரீரென்றது. என் பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்டேன். கூப்புட்டாத் திரும்பறதில்லையே என்றார். உங்களை மாதிரிதான், நீங்க மட்டும் நான் கூப்புட்டாத் திரும்பறீங்களா என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிக்காத முகத்தைத் தாங்க முடியாமல்தான் லேபிலிருந்து ஐசி கொண்டுவந்து, ஒரே ராத்திரியில் முதல் மெஷினைக் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலை. பாப்பா இந்த மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், விளிம்பில் மோவாயை வைத்து எச்சில் ஒழுகவிட்டபடி சன்னலைப் பார்க்கிறாள். பக்கவாட்டில், அவள் பார்வைக்குப் படாமல், மேஜைமேல் ஸ்பீக்கர். சுருதியை நூற்றிருபது ஹெர்ட்ஸில் வைத்து சுவிட்சைத் தட்டினேன். சட்டென்று திரும்பினாள். திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்து வாய் கொள்ளாமல் சிரித்தாள். அணைத்தேன், காத்திருந்தேன், மறுபடி தட்டினேன், மறுபடி திரும்பினாள். பார்த்தீர்களா என்றேன், நான் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். மோகன் அப்படியே தரையில் உட்கார்ந்து துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். கல்யாணமாகி அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். "கேக்குது சாமி, எந் தங்கத்துக்குக் கேக்குது" என்று சொல்லிச் சொல்லி அழுதார். திங்கட்கிழமை லீவை ரத்து செய்துவிட்டு வேலைக்குப் போனார். நான் ஜெயித்திருந்தேன். என்ன ஒரு ஜெயிப்பு.

இருநூறில் திரும்பினாள், முந்நூறில் யோசித்துத் திரும்பினாள், நானூறு தாண்டியதும் திரும்பவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது அது. மோகனிடம் சொன்னேன், குமிழைத் திருப்பத் திருப்ப அளவு குறைகிறது, சர்க்யூட்டில் கோளாறு, சரிசெய்துவிட்டு மறுபடி பார்ப்போம். லேபில் முதல் பாடமே அதுதான், ரீடிங் தப்பாக வந்தால் முதலில் உன் சர்க்யூட்டைச் சந்தேகப்படு, சப்ளையைப் பார், எர்த்தைப் பார், ஜாயின்ட்டைப் பார். பார்த்தேன். புரட்டாசியில் இரண்டாவது மெஷின், அதில் இரண்டு பாட்டும் ஒத்துப்போகவில்லை, நடுவில் சத்தம் செத்துச் செத்துப் பிழைத்தது, ஆகவே நானூறுக்கு மேல் அவள் திரும்பாததற்குப் பாட் காரணம். கார்த்திகையில் மூன்றாவது, ஸ்பீக்கர் சொத்தை, ஆகவே ஸ்பீக்கர் காரணம். நடுவில் அங்கன்வாடி டீச்சர், "மேடம், பாப்பா மத்த கொழந்தைக மாதிரி பாட்டுக்குத் திரும்பறதில்லீங்க, ஒருக்கா பாத்துக்குங்க" என்றபோது அவளை மடக்கிப் பேசிவிட்டு வந்தேன். என்னிடம் ரீடிங் இருந்ததே. அடிச் சுருதி கேட்கிறது, ஆகவே காது இருக்கிறது. குக்கர் விசிலுக்குத் திரும்பவில்லையா, விளையாட்டு மும்முரம். பேச்சு வரவில்லையா, அவள் அப்பாவே மூன்று வயதில்தான் பேசினாராம், அவர் அக்கா சொன்னார்கள். எட்டு மாசம். காது விஷயத்தில் எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறோமோ அவ்வளவு நல்லது என்று எங்கே படித்தாலும் போட்டிருக்கிறது, படித்துவிட்டு மூடிவைத்தேன். இப்போது நாலாவது மெஷின். பாட் இரண்டையும் பன்னிரண்டு ஜோடியில் அளந்து பொறுக்கினேன், ஸ்பீக்கர் புதுசு, பல்பு வைத்துவிட்டால் நூறிலிருந்து நாலாயிரம் வரை ஒரே அளவு. ஒரு கோளாறும் மிச்சமிருக்காது. அதனால்தான் வைக்கமாட்டேன் என்கிறேன். இது எனக்குத் தெரியாதா என்ன. இந்தப் பல்பை வைத்த பிறகு நான் எதன்மேல் பழிபோடுவேன்.

வைத்துவிட்டேன். கை தானாகச் செய்துவிட்டது, பதினோரு வருஷப் பழக்கம், மூளையைக் கேட்பதில்லை. ஈயப்புகை கண்ணில் பட்டது. சப்ளை கொடுத்தேன், ஸ்பீக்கரில் சத்தம் வந்தது, நல்ல உருண்டையான சத்தம், கரகரப்பு இல்லை. மீட்டரை வைத்துக் குமிழைத் திருப்பினேன். முள் கொஞ்சம் ஆடி, பல்பு தன் வேலையைச் செய்தது, பழைய இடத்துக்கே வந்து நின்றது. நூறு, இருநூறு, ஐந்நூறு, சுவிட்சைத் தட்டி ஆயிரம், இரண்டாயிரம், நாலாயிரம். முள் அங்கேயே நிற்கிறது. வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு சர்க்யூட் எனக்கு அமைந்ததில்லை. அரை நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை மறைப்பானேன். திரும்பக் கீழே இறக்கினேன். நூற்றிருபதில் கிணுகிணுவென்று ஏதோ ஒரு சத்தம் கூடவே வந்தது. ஜாயின்ட் விட்டுவிட்டதா? இல்லை. ஊறுகாய் மூடி. மூடிக்குள் திருகாணிகள் ஒன்றோடொன்று இடித்து ஆடிக்கொண்டிருந்தன. ஏற்றினேன். இருநூறில் ஆடின, முந்நூறில் லேசாக ஆடின, நானூறு தாண்டியதும் அடங்கிவிட்டன. இறக்கினேன், ஆடின. ஏற்றினேன், அடங்கின. எத்தனை தரம் செய்தேன் என்று தெரியவில்லை. நோட்டை எடுத்துப் பார்க்கத் தேவையில்லை, மூன்று மெஷினின் டிக்கும் மனப்பாடம். நூற்றிருபது டிக், இருநூறு டிக், முந்நூறு பாதி டிக், நானூறுக்கு மேல் ஒன்றுமில்லை. திருகாணிக்கும் என் பிள்ளைக்கும் ஒரே ரீடிங்.

மேஜைமேல் உள்ளங்கையை வைத்தேன். அதிர்ந்தது. விளிம்பில் மோவாயை வைத்தேன், அவள் வைக்கும் இடத்திலேயே, வார்னிஷ் போய் அவள் எச்சிலில் வெளுத்திருக்கும் இடத்திலேயே. பல்லெல்லாம் கூசியது. இரு காதிலும் விரலை அழுத்தி அடைத்துக்கொண்டேன், அப்போதும் வந்தது, மரம் வழியாக எலும்புக்குள் வந்தது. இரும்பு வழியா வர்ற சத்தம் காத்து வழியா வராது வசு. சொன்னாரே. கல்யாணமான புதிதில், மிக்ஸிமேல் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு சொன்னாரே. ஸ்பீக்கரை ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தால், ஒரு தலையணைமேல் வைத்திருந்தால், முதல் நாளே முடிந்திருக்கும். எர்த்தைப் பார்த்தாய், சப்ளையைப் பார்த்தாய், மேஜையைப் பார்த்தாயா? இப்போது ஒவ்வொன்றாகக் கிளம்பி வருகிறது, வரிசையில் நின்று முகத்தில் அறைந்துவிட்டுப் போகிறது. நான் தாலாட்டும்போது உள்ளங்கையை என் தொண்டையில் வைத்துக்கொள்வாள், நிறுத்தினால் தொண்டையைத் தட்டி இன்னும் என்பாள், என் பாட்டு என்றால் உயிர் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். பாட்டு இல்லை, தொண்டை. சாயங்காலம் அவர் புல்லட் தெருமுனை திரும்பினால் தரையில் விளையாடுகிறவள் எழுந்து வாசலுக்கு ஓடுவாள், எத்தனை தூரத்திலயே அப்பன் வண்டியக் கண்டுபுடிக்குது பாரு என்று அவர் தினமும் சொல்வார், தினமும் புதிதாகச் சொல்வார். தரை. ஆறு மாசத்தில் ங்கா என்றாள், த்தா என்றாள், நாள் முழுக்க வாய் ஓயாது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து ஒரு வயதுக்குள் நின்றுபோனது. சமர்த்துக் குழந்தை என்றேன். அவள் சொன்னது அவள் காதுக்குத் திரும்பிப் போகவே இல்லை, அதனால் தேய்ந்து அடங்கிவிட்டது. இதை நான் பதினோரு வருஷமாகப் போர்டில் எழுதுகிறேன். பாவி. என் பிள்ளை பேச முயன்று முயன்று ஓய்ந்துபோனதை நான் பக்கத்திலிருந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். வேடிக்கை பார்த்தால்கூடப் பரவாயில்லை, கூட்டிப்போகிறேன் என்றவரைத் தடுத்திருக்கிறேன்.

நாலேகாலுக்கு எழுந்தாள். வந்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிஸ்கட் கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து பாத்திர மூடிகளை அடுக்கத் தொடங்கினாள், எனக்கு முதுகு காட்டி. பின்னல் கலைந்து ஒரு காது தெரிந்தது, எவ்வளவு அழகான காது, போன தையில்தான் குத்தினோம், அன்றைக்கு அவள் அழுத அழுகை வீட்டையே தூக்கியது. குரலுக்கு ஒரு குறையுமில்லை. வயரை நீளமாக இழுத்து, ஸ்பீக்கரைத் துண்டில் சுற்றி, கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டேன், எதன்மேலும் படாமல். நூற்றிருபது. என் மணிக்கட்டு அதிர்ந்தது. அவள் மூடிமேல் மூடி வைத்தாள். இருநூறு. முந்நூறு. திரும்பவில்லை. ஒரு எட்டு கிட்டே போனேன். ஐந்நூறு. இப்போது எனக்கு அவள் திரும்ப வேண்டும், இந்த மெஷின் பொய்யாகட்டும், நான் படித்த படிப்பு பொய்யாகட்டும், ஒரே ஒரு தரம் திரும்பு கண்ணு. ஆயிரம், இரண்டாயிரம். வால்யூமை முழுக்கத் திறந்தேன். என் காது வலித்தது, சுவருக்கு அந்தப்பக்கம் நாய் குரைத்தது, காம்பவுண்டுக்கு மேலாகப் பக்கத்து வீட்டுக் கனகமணி அக்காவின் தலை சன்னலில் தெரிந்தது. "ஏனுங் வசு, என்னுங் அது சத்தம்? காது கிழியுதுங்!" என்றாள். "மிக்ஸி ரிப்பேருங்க்கா" என்றேன். என்ன பொய் அது, மிக்ஸி எங்கே வந்தது. சுவர் தாண்டி அக்காவுக்குக் கேட்டது, நாய்க்குக் கேட்டது. இரண்டடி தள்ளி என் மகள் நாலாவது மூடியை வைத்துவிட்டு, கோபுரம் சாயாமல் நிற்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அப்புறம் திரும்பினாள். திரும்பினாளே! மனசு எகிறி நோட்டில் டிக் போடப் போய்விட்டது. அவள் காலிக் கையை நீட்டினாள். பிஸ்கட் தீர்ந்துவிட்டது, அதற்குத்தான். சப்ளையை அணைத்தேன். இன்னொரு பிஸ்கட் கொடுத்தேன்.

ஐந்து மணியிலிருந்து அவளை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. எதற்கென்று எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை, தூக்கிக்கொண்டேன், அவ்வளவுதான். வாசல் கதவுக்கு உள்ளே நிற்கிறேன். கனக்கிறாள். பதிமூன்று கிலோ. அவரிடம் எப்படிச் சொல்வது. சர்க்யூட் சரியாகிவிட்டது என்று ஆரம்பிக்கலாமா. திங்கட்கிழமை லீவு போடுங்கள் என்று சொல்லலாமா. ஏன் என்பார். அவர் அன்றைக்கு அழுத அழுகையை நான் எப்படித் திருப்பி வாங்குவேன், கொடுத்தவள் நான். திட்டமாட்டார். அதுதான் பயமாக இருக்கிறது, ஒரு வார்த்தை திட்டமாட்டார், திட்டினால் தேவலை. தெருமுனையில் புல்லட் சத்தம். டுப்டுப்பென்று பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. என் காலடியில் தரை லேசாகத் துடிக்கிறது, இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் கவனிக்கிறேன். பாப்பாவின் முகத்தையே பார்க்கிறேன். ஒன்றுமில்லை. என் தாலிக்கொடியை விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். வண்டி கேட்டுக்குள் வருகிறது, சன்னல் கண்ணாடி நடுங்குகிறது, சுவர் நடுங்குகிறது, என் இடுப்பில் அவள் கொடியைப் பிரித்து மறுபடி சுற்றுகிறாள். வண்டி நின்றது. செருப்பைக் கழற்றும் சத்தம். நிலையில் வந்து நின்றார், கையில் அவளுக்குத் தேங்காய் பன், அவள் ஓடி வந்து முட்டியைக் கட்டிக்கொள்ளத் தோதாகக் கொஞ்சம் குனிந்தபடியே வந்தார். கீழே யாரும் இல்லை. நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். "அட, அம்மா இடுப்புல ஏறிக்கிட்டியாக்கும். என்ன அம்மிணி, இன்னிக்கு அப்பன் வந்தது கேக்கலியா?" என்று சிரித்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை, எனக்கு என்னவோ ஆகிறது என்று கண்டுகொண்டு என் முகத்தையே பார்த்தாள், கையை எடுத்து என் தொண்டையில் வைத்தாள். "கேக்கலீங்க" என்றேன். அவருடைய சிரிப்பு இன்னும் போகவில்லை. "எப்பவுமே கேக்கலீங்க, நாந்தான் தப்பாப் பாத்துப்போட்டேன்" என்றேன். அவர் கையிலிருந்த பன் பொட்டலம் அப்படியே நின்றது. தொண்டையில் பாப்பாவின் உள்ளங்கை சூடாக இருந்தது. வாய் கொள்ளாமல் சிரித்தாள், பிறகு மெல்லத் தட்டினாள், இன்னும் சொல்லச் சொல்லி.